பூட்டிய அவையில் ஓர் ஓட்டு

சான்டா ஃபேயின் சட்டமன்றம் வட்டமான கட்டடம். ஒதுங்கி நிற்க அதில் ஒரு மூலை கிடையாது. எலோய்சா அர்ச்சுலெட்டா கீழ்த்தளத்தில், காபி இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நின்று, தம்பி கைபேசியில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தேர்தல்ல உனக்காக வீடு வீடா ஏறி இறங்கினது யாருக்கா? சிறையில வேலை பாக்குற நாங்கதானே. இப்ப அதையே மூடப் போறியா?"

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே, பெனிக்னோ."

"அதான் பயமா இருக்கு."

எல்லை தாண்டி வந்தவர்களை அடைத்துவைக்கும் தனியார் சிறை அது; அதை மூடும் மசோதாவுக்குத்தான் இன்று ஓட்டெடுப்பு. அவர்களுடைய ஊரில் பாதி வீடுகளுக்குச் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. பெனிக்னோ அங்கே காவலாளி. எலோய்சா அங்கே அடைபட்டவர்களுக்கு வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவள். அந்த மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் இன்னும் சில வழக்குகளை நடத்துகிறாள். அவள் போகும்போது கதவைத் திறந்துவிடுவது தம்பிதான். நேரம் முடிந்ததும், "கிளம்பலாம், மேடம்" என்பான். வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"மூடினா உன் வில்மரை வெளிய விட்டுடுவாங்கன்னு நினைக்கிறியா? டெக்சாஸுக்கு ஏத்திடுவாங்க. அங்க அவனுக்கு யாரு இருக்கா? இங்கன்னா நானாவது ஒரு போர்வை கூடக் குடுப்பேன்."

அது உண்மை. வில்மர் அங்கே அடைபட்டிருப்பவன்; அவனுக்காக அவள்தான் வாதாடுகிறாள்.

மாநிலப் போலீஸ்காரன் லுசேரோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். அவனும் அவள் ஊர்க்காரன்தான்.

"வக்கீலம்மா, இங்கயா இருக்கீங்க? கதவைப் பூட்டச் சொல்லிட்டாங்க. எல்லாரும் உள்ள இருந்தாத்தான் ஓட்டெடுப்பாம். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"என்னைப் பாக்கலைன்னு சொல்லேன்."

"சொல்லலாம். ஆனா உங்களை விட்டுட்டா என் வேலை போயிடும். கூட்டிட்டுப் போனா என் மச்சான் வேலை போயிடும். அவனும் அந்தச் சிறையிலதான் வேலை பாக்குறான்." லுசேரோ சிரித்தான். "கைவிலங்கு வேணாமில்ல?"

அவள் கைபேசியை அணைத்துவிட்டு அவனோடு நடந்தாள். உள்ளே போனதும் பின்னால் கதவு பூட்டப்பட்டது. கட்சித் தலைவர் அவளுடைய மேசைமேல் குனிந்தார்.

"எங்கம்மா போயிட்ட? நீ பச்சையை அழுத்தலேன்னா ரெண்டு பக்கமும் சமம். சமமானா மசோதா அவ்வளவுதான்."

மேசையில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சுவரில் இருந்த பலகையில் எல்லாப் பெயர்களுக்கும் நிறம் வந்துவிட்டது, அவளுடையதைத் தவிர. ஜன்னல் இல்லாத அறையில் இருந்து அவளைப் பார்க்க வரும் வில்மர் ஒவ்வொரு முறையும் முதலில் கேட்பது வழக்கைப் பற்றி அல்ல. வெளியே இப்போது பகலா ராத்திரியா என்றுதான் கேட்பான். அவனை டெக்சாஸுக்குக் கொண்டுபோனால் அதைச் சொல்லவும் ஆள் இருக்காது. மூடாமல் விட்டால், அவனுக்குப் பிறகு வருகிறவனும் அதையே கேட்பான்.

அவள் பச்சையை அழுத்தினாள்.

யாரோ கைதட்டினார்கள். கதவுகள் திறந்தன, உறுப்பினர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியேறினார்கள். எலோய்சா எழுந்திருக்கவில்லை. தம்பியை அவளே அழைத்தாள்.

"அழுத்திட்டியா?"

"ஆமா."

"எது?"

"பச்சை."

மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தமும் கேட்டன.

"அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ" என்றான்.

அதற்குப் பிறகும் அவன் கைபேசியை வைக்கவில்லை. அவளாலும் வைக்க முடியவில்லை.