பதினான்கு பேர், இரண்டே வரி

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் லக்மான் நூடுல்ஸ் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். சிர்கக் ஜாஸ்குலின் மேசைக்கு வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ என் தங்கச்சியாம்" என்றான்.

ஜாஸ்குல் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இந்த வாரம்தான் இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சைத் தொடங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பெரியப்பா ஷாம்ஷி தாலாஸிலிருந்து வந்து அவளுக்குக் காதணி போட்டு நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் பெண்ணுடைய ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு பக்கத்து ஏழிலும் ஒரே ஒரு பெயர் ஒத்துப்போனாலும் கல்யாணம் கிடையாது.

சிர்கக் ஃபோனை நீட்டினான். காலையில் அவளுடைய ஏழு பேர் என்று அவன் பெரியப்பாவுக்கு அனுப்பிய பட்டியல் அதில் இருந்தது. முதல் பெயர் தாலந்த். சிர்கக்கின் சொந்த அப்பா.

அவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் தலைநகர் பிஷ்கெக்கில் தங்குகிறவர். பெரியப்பா ஏழு பெயரையும் விரல்விட்டு எண்ணியிருக்கிறார். ஏழும் தங்கள் வம்சமாகவே இருந்திருக்கிறது. அதற்கு மேல் படிக்க அவருக்கு என்ன வேலை? நேராகத் தம்பி வீட்டுக்கு ஃபோன் போட்டு, தம்பிக்குத் தலைநகரத்தில் இன்னொரு குடும்பம் இருப்பதாகத் தம்பி மனைவியிடமே சொல்லிவிட்டார். அந்த வீட்டில் காலையிலிருந்து தாலந்துக்கு யாரும் தேநீர் ஊற்றிக் கொடுக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வரப்போவதில்லை என்றும் பெரியப்பா சொல்லி முடித்துவிட்டார்.

"இதை எங்கேயிருந்து எடுத்தே?" என்று கேட்டாள் ஜாஸ்குல்.

எங்கேயிருந்து என்றால், புரோகிராம் கோடிலிருந்துதான். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் டிக்கெட் மென்பொருளில் யார் ஒரு கோப்பில் வேலை செய்தாலும், அதன் தலையில் கமெண்டாக, அதாவது கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பாக, தன் ஏழு தகப்பன்மாரை வரிக்கு ஒருவராக எழுதி வைக்க வேண்டும். சொந்தப் பெயர் போடுவதில்லை. யாருடைய வரிசை எது என்பது ஐந்து பேர் இருக்கிற இடத்தில் தெரியாதா என்ன? எட்டு மாதம் முன்பு ஜாஸ்குல் சேர்ந்தபோது சிர்கக்கின் ஏழு பேருக்கு நேர் கீழே தன் ஏழு பேரை எழுதினாள். நடுவில் ஒரு காலி வரி விட வேண்டும். விட அவளுக்கு மனம் வரவில்லை.

நேற்று மாலை அவள் கோடு எழுதுகிற எடிட்டரில், வரிகளை ஒழுங்குபடுத்துகிற ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டிருந்தாள். கமெண்ட் வரி நீளமாக இருந்தால் எண்பதாவது எழுத்துக்குள் உடைக்கும். குட்டையாக இருந்தால் அடுத்த வரியை இழுத்து ஒட்டும். காலி வரி வருகிறவரைக்கும் எல்லாமே அதற்கு ஒரே பத்திதான். சேவ் செய்தால் போதும், தானாக நடக்கும். கோடு பளிச்சென்று ஆகிவிட்டது என்று அவளே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது கோப்பைத் திறந்தாள். பதினான்கு பேரும் இரண்டு வரியில், சந்தைக்குப் போகிற வேனில் அடைத்த மாதிரி, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் பண்ணினேன்" என்றாள். பிறகு அவளுக்கே ஒன்று உறைத்தது. "ஆனா நீ அனுப்பறதுக்கு முன்னாடி படிக்கலையா? உங்க அப்பா பேர்ல ஆரம்பிக்குது."

அவசரத்தில் காப்பி பண்ணினேன் என்றான். என்னைக் கேட்டிருக்கலாமே என்றாள். எட்டு மாசமா பழகியும் தெரியாதா என்று நீ சிரிப்பாய் என்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு, பெரியப்பாவுக்கு வீடியோவில் ஃபோன் போடச் சொன்னாள்.

திரையில் முதலில் ஒரு செம்மறியாடு தெரிந்தது, பிறகு தொப்பி, கடைசியாக ஷாம்ஷியின் முகம். ஜாஸ்குல் வணக்கம் சொல்லிவிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு மந்தை ஒரே பட்டியில கலந்துபோன மாதிரியா?"

"ஆமா அத்தா. தடுப்பு வைக்காதது என் தப்பு."

"ஆட்டுக்காவது காதுல அடையாளம் வெட்டியிருப்போம்" என்று முனகினார். மெஷின் மேல் பழி போடுவது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது என்றும் சொன்னார். பிறகு, எழுதி வைத்தது எதையும் பார்க்காமல் அவள் வாயாலேயே சொல்லச் சொன்னார்.

ஜாஸ்குல் எழுந்து நின்றாள். ஷர்ஷென், இஸ்மாயில், குதாய்பெர்கென், பொகொன்பாய், திலெக், எசென், ஜொல்போர்ஸ். மூச்சு வாங்காமல் சொன்னாள். கிழவர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். தம் பக்கத்துப் பெயர் ஒன்றுகூட வரவில்லை. மடக்கிய விரல்களை மெதுவாக விரித்தார்.

"சரி. இப்ப நீ சொல்லுடா."

சிர்கக் திடுக்கிட்டான். "எதை பெரியப்பா?"

"நம்மளோடதை."

தாலந்த் என்றான். கெரிம்பாய் என்றான். சாதிர், மொம்பெக், அலிம்குல். அங்கே நின்றது வண்டி. வேலையில் சேர்ந்தபோது இதே பெரியப்பாவிடம் ஃபோனில் கேட்டு எழுதி, எழுதினோமே என்று மறந்தும் போயிருந்தான். கண்கள் தாமாகவே கம்ப்யூட்டர் பக்கம் போயின.

"அங்க என்னடா பார்வை? இங்க பாரு" என்றார் கிழவர். "ஏழு தகப்பன் தெரியாதவனுக்குப் பொண்ணு கேட்டு நான் எந்த மூஞ்சியோட வர்றது?"

சிர்கக்கின் காது சிவந்தது. லக்மானுக்குக் கிளம்பிய மற்ற மூவரும் வாசலிலேயே திரும்பி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் உதவவில்லை.

"போஸ்தோன்" என்றாள் ஜாஸ்குல், மெல்ல. "துலெபெர்தி."

எட்டு மாதமாக வேலைக்காக அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் பட்டவர்கள் அந்த ஏழு பேர்தான். மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஷாம்ஷிக்குப் பின்னால் ஆடு கத்தியது. அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், அதற்குள் பையனுக்கு அவள்தான் பாடம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். ஃபோனை வைக்கப் போனவர் குரலைத் தாழ்த்தினார்.

"மகளே, தாலந்து பொண்டாட்டிகிட்ட இதை யாராவது சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு. நீயே சொல்லிடேன்."

வருங்கால மாமியாரிடம் அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சிர்கக் நம்பரைத் தேடிக் கொடுத்தான். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது. காலி வரி என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிப்பதா, புருஷன் நல்லவர் என்பதிலிருந்து ஆரம்பிப்பதா என்று ஜாஸ்குல் யோசிப்பதற்குள் ஃபோனை எடுத்துவிட்டார்கள்.