ரயில்வே கேட்டில் பொன்னுமணி

"காலை விடு ஆத்தா. தேரைத் தூக்கணும்," என்றார் சின்ராசு சித்தப்பா.

பூத்தேரில் நிமிர்த்தி உட்காரவைத்திருந்த அப்பாவின் காலைச் சுகன்யா விடவில்லை. "அண்ணன் ரயிலு தேனி தாண்டிருச்சாம். மொகத்தைப் பாத்துரட்டும்."

"அவன் என் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு எங்கண்ணனே சொன்னவருதான?"

"அவரு இப்ப யாரு மொகத்துல முழிக்கப் போறாரு, சித்தப்பா?"

"மலையில இருட்டிக்கிட்டு வருது. வெறகு நனஞ்சா நீயா எரிப்ப? தூக்குங்கப்பா, வெரசா!"

அப்பா பொன்னுமணியின் வீம்பு தெருவே அறிந்தது. ஏலக்காய் மணத்தை மோப்பம் பிடித்து மதுரையிலிருந்து போடிக்கு ரயில் விட்ட வெள்ளைக்காரன், உலகச் சண்டை வந்ததும் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். சுதந்திரத்துக்குப் பிறகு போட்டார்கள். அகலப்பாதை என்று சொல்லி மறுபடி பிடுங்கினார்கள். இனி எங்கே வரப்போகிறது என்று பொன்னுமணி அந்த இடத்தில் ஆட்டுக்கொட்டகை போட்டார். வந்தது. கொட்டகையைப் பிரித்துத் தண்டவாளம் போட வந்த கூலியாட்களில் மகன் யோகராஜும் கடப்பாரையோடு நின்றான். அதோடு பேச்சு அற்றது. ரயில் ஓடத் தொடங்கிய பின்னும் அவர் மதுரைக்கு பஸ்சில்தான் போனார், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பெண்களுக்கு எல்லை ரயில்வே கேட். தேர் அங்கே போய்ச் சேரவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது.

"பொணம்யா! தொற!" என்று கத்தினார் சித்தப்பா.

"ரயிலுக்குப் பொணமும் ஒண்ணு, லோடு ஜீப்பும் ஒண்ணுதாண்ணே," என்றார் கேட் கீப்பர்.

"இவரு ரயில மறிச்சாரு. இப்ப ரயிலு இவர மறிக்குது," என்றது கூட்டத்தில் ஒரு குரல். சுகன்யாவுக்கே சிரிப்பு வந்தது, முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் நெருங்கியதால் ரயில் ஊர்ந்து வந்தது. வாசற்படியில் யோகராஜ். தோள்களின் மேல் உயர்ந்திருந்த அப்பா அவனுக்கு நேர் எதிரே இருந்தார். வாயைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிகள் கடந்தன.

கேட் ஏறியது. எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் மலையைப் பார்த்தார். பிறகு சுகன்யாவை.

"தோள் மாத்திக்கங்கப்பா."

மாற்றினார்கள்.

"இந்தப் பக்கம் சாயுது பாரு. இன்னொருக்க மாத்துங்க."

முதல் தூறல் விழுந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து, தான் போட்ட தண்டவாளத்தின் நடுவே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி யோகராஜ் வந்துகொண்டிருந்தான்.