தண்ணித் தொட்டி மறைத்த பாதி

முதலில் நிழல் வரும். அப்புறம்தான் ஆள்.

சாயங்கால வெயில் மேற்கே இருந்து தரையோடு படுத்துக்கொண்டு வரும். தண்ணித் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கால் நீளும். பனைமரம் நடந்து வருகிற மாதிரி. அதற்குப் பின்னால் பந்து. பந்தோடு எபி.

மூன்றாவது மாடி. ஹவுசிங் போர்டு வீடு. ஜன்னலுக்குக் கம்பி. கம்பிக்கு இந்தப் பக்கம் நான்.

ஒரு காலைச் சர்க்கரை தின்றுவிட்டது. மிச்சக் காலை நம்பிப் படி இறங்கினேன். உருண்டேன். அன்றிலிருந்து என் மகள் அமுலு வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நல்லவள்தான். பூட்டும் நல்ல பூட்டு.

கீழே மைதானம். முன்னே முழுசாகத் தெரியும். அப்புறம் தொட்டி கட்டினார்கள். அதில் தண்ணீர் வந்து நான் பார்க்கவில்லை. கிழக்குப் பாதி எனக்கு. மேற்குப் பாதி தொட்டிக்கு.

டிவியில் பெரிய பெரிய ஆட்டக்காரனை எல்லாம் காட்டுகிறான். ஒரே கோலை மெதுவாக, மறுபடி, அந்தப் பக்கமிருந்து, இந்தப் பக்கமிருந்து. அப்படிக் காட்டினால் எருமை தண்ணி குடிப்பதும் அழகாகத்தான் இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஆட்டம் என்றால் ஒரு தடவை. கண் சிமிட்டினால் போச்சு. அதுதான் ஆட்டம்.

எபிநேசர் பின் தெருப் பையன். இருபது இருபத்தொன்று இருக்கும். அவன் பந்தை அடிப்பதைப் பார்க்காதே. நிறுத்துவதைப் பார்.

வானத்திலிருந்து பந்து விழும். அவன் கால் அதைத் தடுக்காது. கூடவே கொஞ்சம் கீழே இறங்கும். தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி. சத்தமே வராது.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் நான். எத்தனையோ பேர் இறக்கிப் பார்த்திருக்கிறேன். சத்தமில்லாமல் இறக்கினவன் ஒருத்தனும் இல்லை. நானும் இல்லை.

ஆனால் அவனை ஒரு நாளும் மெச்சியதில்லை. திட்டுவேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி. கட்டைக் காலா. சோம்பேறி. உனக்கு எவன்டா பூட்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

காரணம் இருக்கிறது. முன்னே கஜா என்று ஒருத்தன் ஆடினான். தெருவே தூக்கி வைத்துக் கொண்டாடியது. பேனர் வைத்தார்கள். மாலை போட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் முட்டி போனது. ஊர்க் கண்ணு. இப்போது ஷேர் ஆட்டோவில் ஏறினால் காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

அதனால் திட்டு. நல்ல ஆட்டத்துக்கு நல்ல திட்டு. மெச்சுவது எல்லாம் உள்ளேயே கிடந்தது. அதற்கும் வெளியே பூட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். மறுநாள் எபிக்குக் கல்கத்தா ரயில். அங்கே ஒரு கிளப் கூப்பிட்டிருந்தது. போனவன் திரும்பி இந்தப் புழுதிக்கு வரப்போவதில்லை. வந்தாலும் நான் இருக்கப்போவதில்லை.

முன்னமே எபி டீம் பையன்கள் வந்து கேட்டார்கள். நாற்காலியோடு கீழே தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். நான் என்ன உற்சவ சாமியா, ஊர்வலம் போக, போங்கடா என்றேன். நாலு பேர் தோளை எப்படி நம்புவது.

ஃபைனல் அன்று காலையில் நம்பிக்கை வந்துவிட்டது. சாவியைப் பையன்களிடம் கொடுத்துவிட்டுப் போ என்று அமுலுவிடம் கேட்டேன். அவளுக்கு ஞாயிறும் டியூட்டி.

"உருண்டா நான்தான் அள்ளணும், நைனா" என்றாள். பூட்டினாள்.

எபி டீம் டாஸில் தோற்றது. இரண்டாம் பாதியின் தாழ்ந்த வெயிலைப் பார்த்து ஆட எவனுக்கும் பிடிக்காது; டாஸ் ஜெயித்தவன் அதை எபி டீம் பக்கம் தள்ளிவிட்டான். முதல் பாதியில் எபி கிழக்கே அடித்தான். என் பக்கம். வயிறு நிறையப் பார்த்தேன். கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் பக்கம் மாறினார்கள். எபி மேற்கே போனான்.

வெயிலும் தொட்டியும் ஒரே பக்கம்.

அப்புறம் சத்தம் மட்டும். விசில். கைதட்டல். ஐயோ என்று ஒரு கூட்டம். கம்பியில் முகத்தை வைத்து அழுத்தினேன். கம்பி இளகவில்லை. தொட்டி நகரவில்லை. நிழலாவது பார்க்கலாம் என்றால் ஐப்பசி மேகம் வந்து வெயிலை மூடியது. தரையில் ஒன்றுமே இல்லை. துடைத்த சிலேட்டு.

திட்டக்கூட முடியவில்லை. பார்க்காததை எப்படித் திட்டுவது.

அப்போது மேகம் ஒரு விரல் விலகியது.

நிழல்கள் தொட்டியைத் தாண்டி வந்து விழுந்தன. இத்தனை நீளமாக நான் பார்த்ததில்லை. எதிர் ஆள் ஒருத்தன். கோல் கீப்பர், இரண்டு கையும் விரித்து. நடுவில் எபி. முகமில்லை, சட்டையில்லை. ஆனாலும் எபி. நிற்கிற நிற்பில் தெரியாதா.

வலது காலைத் தூக்கினான். அடிக்கப் போகிறான். அடிக்கவில்லை. கால் அப்படியே நின்றது. மழைக்கு முந்தின காற்று நிற்கிற மாதிரி.

எதிர் ஆள் விழுந்தான். கீப்பர் பாய்ந்து விழுந்தான். எல்லாரும் தரையோடு தரை. எபி ஒருத்தன் மட்டும் நிற்கிறான். அப்புறம் இடது காலால் லேசாக ஒரு தள்ளு. சின்னக் கருப்பு ஒன்று உருண்டு போனது.

மைதானம் கத்தியது. நான் கத்தவில்லை.

ஆட்டம் முடிந்து எபி ஜன்னலுக்குக் கீழே வந்தான். உடம்பெல்லாம் மண். அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா பெருசு, ஒரு திட்டு கூடக் காணோம். வாயில கொழுக்கட்டையா? நாளைக்கு நான் ஊருக்குப் போறேன்."

"வலது காலைத் தூக்கிட்டு ஏன்டா நின்ன? அடிக்கிறதுக்கு இன்னா, சோம்பேறி."

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். தொட்டியைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.

"அது அந்தாண்ட கோலாச்சே. உனக்கு எங்க தெரிஞ்சுது?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷத்து மெச்சல் எல்லாம். கஜாவின் முட்டி ஞாபகம் வந்தது. முழுங்கினேன். பிறகு தரையைப் பார்த்தேன். அவன் காலடியில் அது கிடந்தது.

"உன் நிழலு நல்லா ஆடுதுடா" என்றேன். "இந்த ஊர்ல அது மாதிரி எவனும் ஆடினதில்ல. நீதான் சுமாரு."

நிழலுக்குக் கண்ணு படாது. பட்டாலும் அதற்கு ஏது முட்டி.

எபி குனிந்து தன் நிழலைப் பார்த்தான். வலது காலை ஒரு தரம் தூக்கினான். அதுவும் தூக்கியது. பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்தான்.

முதலில் ஆள் போனான். தொட்டிக்குப் பின்னால்.

அப்புறம்தான் நிழல்.