மூட்டையோடு உள்ளே வரக்கூடாது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு அழகான காரணம் கிடையாது. ‘காலை வெயிலில் சிலை மின்னியது’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். சிலையை யார் பார்த்தார்கள்? நான் வாசல் சங்கிலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

எங்கள் வெனிசுவேலாவில் பட்டம் வாங்குகிறவர்கள் ஊர்ச் சதுக்கத்தில் விடுதலைத் தலைவரின் சிலைக்கு மலர்வளையம் வைப்பார்கள். வகுப்பு சார்பில் வைக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்போது என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அம்மா டில்சியாவின் ஆசை. வகுப்புக்கே சோளமாவில் பூரணம் வைத்த எம்பனாடா பொரித்து, துணியில் மூட்டை கட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

மூட்டையோடு சதுக்கத்துக்குள் போனால் தலைவருக்கு மரியாதைக் குறைவாம். பழைய வழக்கம். வாசலில் சங்கிலி போட்டு நின்ற காவலர் எவெலியோ அதை விடுவதாயில்லை.

[இவருக்கு முதலில் பெரிய மீசை வைத்தேன். வில்லனாகிவிட்டார். எடுத்துவிட்டேன். நிஜத்தில் தூக்கக் கலக்கத்தில் இருந்த சாதாரண மனிதர்.]

“மூட்டையோட உள்ள விட மாட்டேம்மா.”

“ஏன் தம்பி, அவரு சண்டைக்குப் போனப்ப சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகலையா?”

“அதை அவரையே கேளுங்க.”

“கேக்கத்தானே உள்ள போறேங்கிறேன்!”

“கீழ வச்சிட்டுப் போங்க.”

“நாய் திங்கவா பொரிச்சேன்? இல்ல, நீ திங்கவா?”

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வளையத்தை வைத்தேன். ‘நம் எல்லோரையும் விடுவித்தவர்’ என்றார் பேச்சாளர். கைதட்டல். சங்கிலிக்கு வெளியே அம்மாவும் தட்டினாள். ஒரு கையில் மூட்டை இருந்ததால், தொடையில்.

3

மாற்று முடிவு: மலர்வளையத்தை மூட்டைமேல் வைக்கிறேன். வளையம் வந்தால் காவலர் சல்யூட் அடித்தே ஆகவேண்டும். அடிக்கிறார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நானும் அம்மாவும் உள்ளே…

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“நல்லாருக்குடி. இதையே வை.”

“இப்படி நடக்கலையேம்மா.”

“நடந்ததத்தான் நானே பாத்துட்டேனே. நீ எழுதறப்பவும் நான் வெளியவே நிக்கணுமா?”

4

கதையில் அம்மாவை உள்ளே விட்டால் எவெலியோ சல்யூட் அடித்த நல்லவராகிவிடுவார். அந்த வழக்கமும் தப்பித்துவிடும். விடாவிட்டால், இந்த முறை அம்மாவைத் தடுப்பது எவெலியோ இல்லை. நான்.

அதனால் கடைசி வாக்கியம் இவ்வளவுதான்:

‘டில்சியா மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சங்கிலியை ஒரு கையால் தூக்கி’

சங்கிலி கனம். மறுமுனை உங்கள் பக்கம் இருக்கிறது. தூக்குவதும் தூக்காததும் உங்கள் பாடு. சீக்கிரம், எம்பனாடா ஆறுகிறது.