கரும்புக்குள் புழு

தோரிவால் கோப்பையின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தான். கொசுவைவிடச் சிறிய கறுப்புக் குளவிகள் அவன் விரல்மேல் ஏறிக் கரும்புக்குள் பறந்தன. புழு போட்ட ஓட்டை வழியே அவை தண்டுக்குள் நுழைந்து, புழுவின் உடம்பில் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும்.

அவனுடைய இடது கண் இன்னும் வீங்கியிருந்தது. போன வாரம் கங்காணி வால்மிர் இதே வயலில் கரும்பைப் பிளந்தபோது உள்ளே புழு உயிரோடு நெளிந்தது. குளவிகளைக் கால்வாயில் கொட்டிவிட்டுத் தூங்கினாயா என்று கேட்டு, கத்தியின் பிடியால் முகத்தில் அடித்தான். இன்னொரு முறை உயிருள்ள புழு கிடைத்தால் வேலையும் போகும், சர்க்கரை மில் கொடுத்த அறையும் போகும்.

"அதுங்ககிட்ட என்னடா ஓதுற?" பக்கத்துச் சாலில் குளவி விட்டுக்கொண்டிருந்த ஜாண்டிரா கத்தினாள்.

"நேரா புழுகிட்ட போங்கன்னு சொல்றேன்க்கா."

"வடக்கேருந்து வந்த பாஹியாக்காரன் நீ பேசுற போர்த்துகீசு எங்களுக்கே புரியல. குளவிக்குப் புரிஞ்சிருமா?"

அவள் சிரித்து முடிப்பதற்குள் மில்லின் மஞ்சள் விமானம் கரும்பை உரசுவதுபோலத் தாழ்ந்து வந்தது.

"மருந்தடிக்கிறானுங்க! உள்ள ஆள் இருக்கோம்டா!" என்று அவள் மேலே பார்த்துக் கத்தினாள்.

தோரிவால் தொப்பியைக் கழற்றி வீசி வீசிக் காட்டினான். விமானம் மேலே எழவில்லை. வெள்ளைப் புகை தலைமேல் இறங்கியது. கண்கள் எரிந்தன. ஜாண்டிரா முழங்காலில் விழுந்து வாந்தியெடுத்தாள். அவளைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். தோகை இருவர் முகத்தையும் கிழித்தது.

வயலோரம் ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டு வால்மிர் உட்கார்ந்திருந்தான். தோரிவால் கண்ணாடியைக் குத்தினான்.

"காலையில நீங்கதானய்யா எங்கள இறக்கிவிட்டீங்க?"

வால்மிர் இறங்கினான். "மேலிடத்து உத்தரவு. குதிக்காத."

"குளவியெல்லாம் செத்துப்போச்சு. அப்ப அத எதுக்கு விடச் சொன்னீங்க?"

"அது உன் வேல. இது விமானத்தோட வேல."

தோரிவால் அவன் சட்டையைப் பிடித்தான். வால்மிரின் கத்தி தட்டைப் பக்கமாக அவன் காதில் இறங்கியது. விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் இரண்டு முறை பாய்ந்தது. பிறகு வால்மிர் ஓரத்துக் கரும்பொன்றை வெட்டி, நெடுக்காகப் பிளந்து, அவன் முகத்தருகே போட்டான்.

"பாரு, உசுரோட இருக்கு. நீ குளவி விட்டிருந்தா இது எப்படிடா பொழைக்கும்? மூட்டையக் கட்டு."

"அக்காவையாவது ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போங்கய்யா."

வாந்தியில் கிடந்தவளை வால்மிர் ஒருமுறை பார்த்தான். "சீட்டு நாறும்."

ஜீப் கிளப்பிய செம்மண் தூசி, மருந்தில் நனைந்திருந்த ஜாண்டிராவின் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் துடைக்கவில்லை. தோரிவாலின் காதிலிருந்து ரத்தம் பிளந்த கரும்பின்மேல் சொட்டியது. கொழுத்த புழு ஒருமுறை தலையைத் தூக்கியது. ஒரு துளி மருந்துகூட அதன்மேல் படவில்லை. மெல்லத் திரும்பி, வெள்ளைச் சதையைக் குடைந்து உள்ளே போயிற்று.