தலைகீழாக நின்ற கியர் குமிழ்

நர்ஸம்மாவுக்கு லைசன்ஸ் இல்லாததால் அவளுடைய காலை டியூட்டி தினமும் அவள் புருஷனின் குளியலறை வாசலில் காத்துக் கிடந்தது. மனுஷன் சாவகாசமாகக் குளித்து, சாவகாசமாகத் தலை துவட்டி, "நேரம் இருந்தா கொண்டு விடுறேன்" என்பார். ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது இவள்.

அவளுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. போன தடவை தேர்வு அதிகாரி காரின் கியர் குமிழைப் பார்த்தே ஃபெயில் போட்டுவிட்டார். புருஷனின் உள்ளங்கை பட்டுப் பட்டு அது உரித்த முட்டை மாதிரி ஆகியிருந்தது. எண் ஒன்றுகூட மிச்சமில்லை. எண் இல்லாமல் எந்த கியர் விழுந்தது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். வண்டி நகர்ந்ததை அவர் சாட்சியாக ஏற்கவில்லை.

அடுத்த தேர்வுக்கு முன்னால் புருஷன் புதுக் குமிழ் வாங்கி வந்து திருகினார். இறுகி நின்றபோது எண்களெல்லாம் தலைகீழ். ஒன்று இருக்க வேண்டிய மேல் மூலையில் ரிவர்ஸ், ரிவர்ஸ் இருக்க வேண்டிய கீழ் மூலையில் ஒன்று. அரைச் சுற்று தளர்த்தினால் எண்கள் நேராகும். ஆனால் குமிழ் கையோடு வந்துவிடும். ஆடாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

தேர்வன்று அதே அதிகாரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கியர் போடச் சொன்னார். போட்டாள்.

"அங்க ரிவர்ஸ்னு போட்டிருக்கு."

"குமிழ் திரும்பி நிக்குது சார். இதுதான் ஒண்ணு."

அதிகாரிக்குத் தர்மசங்கடம். எண்ணைத்தான் நம்புவேன் என்று போன தடவை அடம்பிடித்தவர், இப்போது வண்டியை நம்பினால் மானம் போய்விடும்.

"போட்டிருக்கிறபடி போடுங்க."

இதையும் கோட்டை விட்டால் மறுபடி அந்தக் குளியலறைக் கதவுதான். ஒன்று என்று போட்டிருந்த மூலைக்கு இழுத்தாள். வண்டி பின்னால் கிளம்பியது. கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தபடியே வளைவில் வளைத்தாள், மேட்டில் ஏற்றினாள். ஒரு கம்பத்தையும் உரசவில்லை. அதிகாரி முன்கண்ணாடியில் விலகிப் போகும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே நேராகப் போங்க, நேராகப் போங்க என்றார். இரண்டாவது கியர் போடட்டுமா என்று கேட்டதற்கு அவசரமாக வேண்டாமென்றார். கடைசியில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தச் சொன்னார். வண்டி மரியாதையாக முன்னால் போய்க் கோட்டுக்குள் நின்றது. ரிவர்ஸ்தான் கொஞ்சம் சுமார் என்று சொல்லிவிட்டு பாஸ் போட்டார்.

வெளியே வாயைப் பிளந்து நின்ற புருஷன் வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். நகரச் சொன்னார், போகிற வழியில் குமிழை நேராக்கிவிடலாம் என்றார்.

அவள் நகரவில்லை.

"அது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு நீங்க எங்கயாவது போகணும்னா இப்பவே சொல்லிடுங்க. நேரம் இருந்தா கொண்டு விடுறேன்."