உலைப் பக்கத்துக் கரண்டு

என் தொழில் கரண்டுல இருக்கிற அழுக்கை எடுக்கிறது. கரண்டுல எங்கேய்யா அழுக்குன்னு என் பொண்டாட்டியே நக்கலடிப்பா. நல்ல கரண்டு வழுவழுன்னு அலை அலையா வரும். இரும்பு உருக்குற மின்சார உலை அதைக் கடிச்சுக் கடிச்சு இழுக்கும். அலை பிசிறடிச்சுப் போகும். அந்தப் பிசிறுதான் ஹார்மோனிக்ஸ். அது ஏறினா வாசல்ல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், கொதிக்கும். நான் மாட்டுற ஃபில்டர் அந்தப் பிசிறைப் பார்த்து, அதுக்கு நேர் எதிரா இன்னொண்ணை ஊத்தும். ரெண்டும் மோதி ஒண்ணுமில்லாம போயிடும்.

அண்ணனோட வார்ப்புப் பட்டறையில நான்தான் ஃபில்டர் மாட்டினேன். படாதபாடு படுத்திட்டாரு மனுஷன். ஊர்ல எல்லாரும் உலைக்குப் பவரை ஒரே சீரா ஏத்துவாங்க. இவரு ரெண்டு படி ஏத்துவாரு, ஒரு படி இறக்குவாரு, கொஞ்சம் நிப்பாரு, மறுபடி ரெண்டு. சமையல்ல உப்புப் பார்க்கிற மாதிரி. ஃபில்டர் திணறிடுச்சு. கடைசியில, தானாவே கத்துக்கிற புது கன்ட்ரோலரைப் போட்டேன். அவர் கை அதுக்குப் பிடிபடவே பல நாள் ஆச்சு.

அப்புறம் அண்ணன் போயிட்டாரு. நெஞ்சுவலி, அவ்வளவுதான். உலைக்குப் போற கேபிளை நானே கழட்டினேன், ஃபில்டரையும் அணைச்சேன். பட்டறைக்குப் பின்னாடியே வீடு; அண்ணி அங்கே ஒண்டியா இருந்தாங்க. எங்க வீட்டுல அவங்களுக்காக ஒரு ரூம் ஒழிச்சு வெச்சும் வரமாட்டேன்னுட்டாங்க. சரியா சாப்பிடாம ஆள் பாதியா இளைச்சுட்டாங்க. இப்படியே விட்டா இவங்களும் போயிடுவாங்களோன்னு எனக்குப் பயம்.

ஏன் வரமாட்டேங்கிறீங்கன்னு ஒருநாள் பிடிச்சுக் கேட்டேன்.

"காலையில டிரான்ஸ்ஃபார்மர் உறுமுது தம்பி. ரெண்டு ஏத்தம், ஒரு இறக்கம். அவர் வந்து உலையைப் போடுறாரு. நான் எப்படி விட்டுட்டு வர்றது?"

எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. துக்கத்துக்கு முன்னாடி கோபம் வரும் எனக்கு, பிறவிக் குணம். "பக்கத்து மில்லுப் பிசிறு தெரு லைன் வழியா வருது அண்ணி. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நாளைக்கு வந்து ஃபில்டரைப் போடறேன். சத்தம் நின்னா எங்கூட வந்துடணும்."

"நின்னா வர்றேன்," அப்படின்னாங்க. "நிக்கலைன்னா இனிமே என்னைக் கூப்பிடக் கூடாது."

மறுநாள் அண்ணி வாசல்ல பையோட உட்கார்ந்திருந்தாங்க. நான் உள்ளே பேனல் முன்னாடி நின்னேன். வெயில் நல்லா ஏறியிருந்துச்சு. வேலை ஆரம்பிக்கிற நேரத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் உறும ஆரம்பிச்சுது. ரெண்டு ஏத்தம். ஒரு இறக்கம். நிறுத்தம். மறுபடி ரெண்டு. சத்தியமா சொல்றேன், அப்படியே அண்ணன் கை.

ஃபில்டரைப் போட்டேன். மில்லுப் பிசிறா இருந்தா அது ஃபில்டருக்குப் புதுசு, கத்துக்க நாளாகணும். ஆனா சத்தம் அந்தக் கணமே கப்புன்னு அடங்கிடுச்சு. ஃபில்டரோட திரையில ஒரு வரி வந்துச்சு: பழகிய இயக்கம், பொருந்தியது. அது பழகினது அண்ணன் கை ஒண்ணுதான்.

பிசிறு எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பார்த்தேன். தெருப் பக்கம் சுத்தம். எல்லாமே உலைப் பக்கம். திரும்பிப் பார்த்தேன். நான் கழட்டின கேபிள் தரையில சுருண்டு கிடந்துச்சு, முனையில நான் சுத்தின டேப்போட. உலையைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு.

அதுக்குள்ள திரையில அளவு ஏற ஆரம்பிச்சுது. அந்தப் பக்கம் கூட்டக் கூட்ட ஃபில்டரும் எதிரா கூட்டிச்சு. இறக்கமே இல்ல, நிறுத்தமே இல்ல. அண்ணன் ஒருநாளும் உலையை அப்படி ஓட்டினதில்ல. தன் சத்தம் வெளியே கேட்கலைங்கிறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தோணிச்சு.

"நின்னுடுச்சு தம்பி." அண்ணி கதவுகிட்ட நின்னாங்க. கண்ணு நிறைஞ்சிருந்தாலும் முகம் தெளிஞ்சிருந்துச்சு. "நீ சொன்னதுதான் சரி. நான்தான் பைத்தியக்காரி மாதிரி... சரி விடு. பசிக்குது, உங்க வீட்டுல ஏதாவது இருக்குமா?"

அந்தப் பசிக்குதுங்கிற வார்த்தைக்காக நான் எத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன். திரையை முதுகால மறைச்சுக்கிட்டேன்.

"இருக்கும் அண்ணி. வாங்க போலாம்."

"இதை அணைக்கலையா? ஆளில்லாத இடத்துல எதுக்கு வெட்டியா ஓடணும்?"

"ஓடட்டும் அண்ணி."

எனக்குப் பின்னாடி ஃபில்டரோட விசிறி முழு வேகத்துல சுத்திக்கிட்டிருந்துச்சு. ஒரு நிமிஷம் அணைச்சிருந்தா அவரைக் கேட்டிருக்கலாம். கேட்டா அண்ணி வரமாட்டாங்க. நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். "மன்னிச்சுக்கோ அண்ணே"ன்னு மனசுக்குள்ளேயே சொல்லிட்டு, பையைத் தூக்கிக்கிட்டுக் கதவைப் பூட்டினேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டும்போது அண்ணி ஒரு நிமிஷம் நின்னு காது குடுத்தாங்க. ஒண்ணுமே கேட்கலை.